கல்லுக்கு முன் ஓர் அத்தியாயம்

மாசாணம்: இல்லீங்க தம்பி. அந்த மாதிரி போட்டோ எங்ககிட்ட இல்லீங்க.

ஆல்வின்: பழசா இருந்தாலும் பரவாயில்லீங்க ஐயா. கருப்பு வெள்ளை... கொஞ்சம் கிழிஞ்சிருந்தாக்கூட நல்லது.

மாசாணம்: கிழிஞ்சிருந்தா நல்லதா?

ஆல்வின்: அதுல ஒரு... உயிர் இருக்கும்ங்க.

ராமாத்தாள்: போட்டோ இருக்குதுங்க தம்பி. புள்ள டாக்டர் பட்டம் வாங்குனப்ப எடுத்தது. நான் பச்சைப் பட்டு கட்டியிருக்கறேன். இவரு வெள்ளை வேட்டி, இஸ்திரி மடிப்புக்கூட கலையலை. எடுத்தாரட்டுங்களா?

ஆல்வின்: அது பின் அட்டைக்குப் பாத்துக்கலாம்மா. எங்களுக்கு வேணும்கறது... அம்மா களையெடுக்கற மாதிரி, ஐயா வரப்புல உக்காந்து கஞ்சி குடிக்கற மாதிரி...

மாசாணம்: நாங்க களையெடுக்கறப்ப எவனுங்க போட்டோ புடிக்க வந்தான்?

ராமாத்தாள்: வந்திருந்தா சும்மா உட்டிருப்பனா? கையில களைக்கொத்து இருந்துச்சு.

மாசாணம்: காப்பியைக் குடிங்க மொதல்ல. லிப்டு வேலை செய்யலைன்னு இத்தனை மாடி ஏறி வந்திருக்கறீங்க, ஒரு போட்டோவுக்காக. அப்படி என்னுங்க அவசரம்?

ஆல்வின்: சாயங்காலம் புத்தகப் பக்கமெல்லாம் அச்சுக்குப் போகுதுங்க ஐயா. உங்க பொண்ணு, யுவஸ்ரீ மேடம் புத்தகத்துக்கு இப்பவே எதிர்பார்ப்பு. நிலாவோட மண்ணை ஆராய்ச்சி பண்ணற நம்மூர் விஞ்ஞானி, தமிழ்லயே எழுதியிருக்காங்கன்னா சும்மாங்களா?

ராமாத்தாள்: இங்கிலீசுலதான் எழுதச் சொன்னாங்களாமா. எங்கம்மாவுக்குப் புரியாத புஸ்தகத்தை நான் எதுக்கு எழுதறதுன்னு கேட்டாளாமா.

மாசாணம்: போட்டோவை அவகிட்டயே கேட்டிருக்கலாமில்லீங்க?

ஆல்வின்: கேட்டேங்க. 'அப்பாகிட்டக் கேளுங்க, அவரு குடுத்தாப் போடுங்க'ன்னாங்க. இன்னைக்கு பெங்களூர்ல சோதனைக் கூடத்துக்குள்ள போயிட்டாங்க. போனை வெளியில வெச்சுட்டுத்தான் போகணுமாம்.

ராமாத்தாள்: நிலாவுல ஓட்டற வண்டிச் சக்கரத்தை மண்ணுத் தொட்டியில உட்டு ஓட்டிப் பாக்கறாங்க தம்பி. பொதையுதா, வழுக்குதான்னு. எங்களையும் ஒருக்கா கூட்டிட்டுப் போனா. மொகமூடி போட்டுத்தான் உள்ளயே உட்டாங்க. நான் சும்மா இருக்காம, இதுல கொத்தமல்லி போட்டா வருமா அம்மணின்னு கேட்டுப்போட்டேன்.

மாசாணம்: கூட இருந்த ஆபீசருங்க எல்லாம் சிரிச்சுப் போட்டாங்க.

ராமாத்தாள்: அவ சிரிக்கலை. அதையே புஸ்தகத்துல எழுதிட்டா. என்ற பேரைப் போடாம.

ஆல்வின்: 'நிலாவில் மண் என்று சொல்கிறோம். அதில் வேர் இல்லை, புழு இல்லை, ஈரம் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் கல்லைக் கல் இடித்த தூள் அது.' அந்த எடமுங்களா அம்மா?

ராமாத்தாள்: அதேதான்.

மாசாணம்: போட்டோ மட்டுந்தான் கேக்கச் சொல்லி அனுப்புனாளா?

ஆல்வின்: போட்டோவுங்க, அப்பறம்... அந்தப் போட்டோ எந்தப் பக்கத்துல வருதோ, அந்தப் பக்கத்தையும் ஒரு வார்த்தை உங்ககிட்டச் சொல்லிட்டு...

மாசாணம்: எந்தப் பக்கத்துல வருது?

ஆல்வின்: முதல் அத்தியாயத்துலங்க.

ராமாத்தாள்: மொதல் அத்தியாயத்துல நாங்க எப்படி வந்தோம்? அது சித்தம்பூண்டிக் கல்லைப் பத்தினதாச்சே.

ஆல்வின்: அம்மாவுக்கு... அதெல்லாம் தெரியுங்களா?

மாசாணம்: தெரியாதுன்னு நெனச்சுத்தான் வந்தீங்களாக்கும்.

ராமாத்தாள்: ஞாயித்துக்கிழமையானா போன்ல படிச்சுக் காட்டுவா தம்பி. நான் 'ம்' கொட்டோணும். எந்த எடத்துல 'ம்' நிக்குதோ, அந்த எடத்தை அடிச்சுப் போட்டு மறுக்கா எழுதுவா.

மாசாணம்: ஒருக்கா இவ தூங்கிப்போட்டா. அம்மணி ஒரு அத்தியாயத்தையே கிழிச்சுப் போட்டா.

ராமாத்தாள்: காய்ச்சல்ல கெடந்தனுங்க! சொல்றதுக்குள்ள கிழிச்சுட்டா. ஆனா அப்பறம் எழுதுனதுதான் நொம்ப நல்லா வந்துச்சு.

மாசாணம்: நாமக்கல் பக்கத்துல சித்தம்பூண்டி. அங்க கெடக்கற கல்லும், நிலாவோட மேட்டு நெலத்துக் கல்லும் ஒரே வகை. அதை இடிச்சுச் சலிச்சுத்தான் அந்த மண்ணுத் தொட்டி. இதுதானுங்க மொதல் அத்தியாயம். இதுல களையெடுக்கற போட்டோவுக்கு என்னுங்க வேலை?

ஆல்வின்: அது இப்ப ரெண்டாவது அத்தியாயம் ஆயிருச்சுங்க ஐயா.

மாசாணம்: ஓஹோ.

ஆல்வின்: அதுக்கு முன்னால ஒண்ணு... சேத்திருக்கோம். நாலே பக்கந்தாங்க. மேடம் எங்கிருந்து வந்தாங்க, எப்படி வளர்ந்தாங்கன்னு. பதிப்பாளர் அதுல கறாரா இருக்காரு. வெறும் கல்லைப் பத்திப் போட்டா யாரு வாங்குவாங்கன்னு கேக்கறாரு. படிக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கணும்ங்க.

மாசாணம்: யாரு எழுதுனது?

ஆல்வின்: எங்க ஆபீஸ்லதாங்க.

மாசாணம்: ஆபீசு எழுதாதுங்க. யாரு?

ஆல்வின்: ...நாந்தாங்க.

மாசாணம்: என்ற புள்ள பாத்தாளா?

ஆல்வின்: மெயில்ல அனுப்பியிருக்கோம்ங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம்னு எடுத்துக்கறது...

ராமாத்தாள்: எப்ப அனுப்புனீங்க?

ஆல்வின்: இன்னைக்குக் காலையிலங்க.

ராமாத்தாள்: அவ போனை வெளியில வெச்சுட்டு உள்ள போன பொறவு!

மாசாணம்: கெட்டிக்காரருங்க நீங்க. படிங்க.

ஆல்வின்: ஐயா?

மாசாணம்: பையில வெச்சிருக்கறீங்கல்ல? சத்தமாப் படிங்க. இவ 'ம்' கொட்டட்டும்.

ஆல்வின்: நீங்களே படிச்சுப் பாத்துட்டு...

மாசாணம்: எனக்குப் படிக்கத் தெரியுமுங்க. எழுதுனவரு வாயால கேக்கோணும்.

ஆல்வின்: சரிங்க... 'பசித்த நிலா.' அது தலைப்புங்க. 'குடிசையின் கூரை ஓட்டை வழியாக நிலா எட்டிப் பார்த்தது. பசியோடு படுத்திருந்த சிறுமி யுவஸ்ரீக்கு அது ஒரு தோசையாகத் தெரிந்தது.'

ராமாத்தாள்: தோசையா! அவளுக்குத் தோசையே புடிக்காதுங்க தம்பி. இன்னைக்கு ஊட்டுக்கு வந்தாலும் ராகிக்களி கிண்டும்மான்னுதான் கேப்பா.

மாசாணம்: தோசை கெடக்கட்டும். எந்தூட்டுக் கூரையிலங்க ஓட்டை? வருசா வருசம் மழைக்கு முந்தி நானே ஓலை மாத்தி வேஞ்சவன். என்ற சாளையில ஒரு சொட்டு ஒழுகுச்சுன்னு எவனாச்சும் வந்து சொல்லட்டும்.

ஆல்வின்: அது ஒரு கற்பனைங்க ஐயா...

மாசாணம்: மேல.

ஆல்வின்: 'ஒரு வேளைக் கஞ்சி. அதையும் பல நாள் தண்ணீராகக் கரைத்து...'

மாசாணம்: நிறுத்துங்க. ராமாத்தா, நம்மூட்டுல எப்ப அடுப்பு எரியாம இருந்துச்சு?

ராமாத்தாள்: எங்கம்மா செத்தப்ப எரியலீங்க. ஒறம்பரைச் சனங்க ஊட்டுலருந்து சோறு வந்துச்சு.

மாசாணம்: கேட்டுக்கிட்டீங்களா? ரெண்டு பேரும் காட்டு வேலைக்குப் போனோம். கூலிதான், இல்லீங்கலை. கூலிக்காரன் ஊட்டுச் சட்டியில சோறு இருக்காதுன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?

ஆல்வின்: கஷ்டப்பட்டது கேவலம் இல்லீங்களே ஐயா.

மாசாணம்: பட்ட கஷ்டத்தைச் சொன்னாக் கேவலம் இல்லீங்க. படாததைச் சொன்னாப் பொய்யி. மேல படிங்க.

ஆல்வின்: 'எழுத்து வாசனை அறியாத தந்தை, அந்தியானால் சாராயக் கடையில்...'

ராமாத்தாள்: ஏனுங்க! நீங்க குடிப்பீங்களா? எனக்குத் தெரியாமப் போச்சே!

மாசாணம்: சிரிக்காத புள்ள.

ராமாத்தாள்: சிரிக்கலீங்க. கண்ணாலம் ஆன நாளா உங்ககூடச் சண்டை புடிக்க இப்படி ஒண்ணு சிக்கலையேன்னு இருந்தேன். இந்தத் தம்பி கொண்டாந்து குடுத்திருக்கறாரு.

மாசாணம்: தம்பி, எட்டாவது வரைக்கும் படிச்சவன் நான். டீக்கடையில பேப்பரை என்ற கையிலதான் குடுத்துப் படிக்கச் சொல்லுவாங்க. அது என்னுங்க எனக்குத் தெரியாத வாசனை?

ஆல்வின்: பொதுவா இப்படித்தாங்க எழுதுவாங்க. கீழ இருந்து மேல வந்தவங்களைப் பத்தின்னா...

மாசாணம்: யாருங்க கீழ?

ஆல்வின்: அப்படிச் சொல்ல வரலீங்க ஐயா...

மாசாணம்: சொல்லுங்க. யாரு கீழ இருந்தது?

ராமாத்தாள்: உடுங்க, பாவம். காப்பி ஆறிப் போச்சு. வேற போட்டாரட்டுங்களா தம்பி?

மாசாணம்: இரு புள்ள. தம்பி, கல்லு எங்கிருந்து வந்துச்சுன்னு கண்டுபுடிக்கறதைப் பத்தி அவ ஒரு எடத்துல எழுதியிருக்கறா. ஞாபகம் இருக்குதுங்களா?

ஆல்வின்: இருக்குதுங்க. 'கல் எங்கிருந்து வந்தது என்பதைக் கல்லே சொல்லும். கல் சொல்லாததை நாம் சொல்லக் கூடாது.'

மாசாணம்: கல்லுக்கே அந்த மரியாதை குடுக்கறா என்ற புள்ள. பெத்தவனுக்குக் கெடையாதுங்களா?

ஆல்வின்: ...எனக்கும் ரொம்பப் புடிச்ச வரிங்க அது.

மாசாணம்: புடிச்சுப்போட்டுத்தான் இப்படி எழுதுனீங்களா?

ஆல்வின்: ஐயா, நான் சொல்றதையும் கொஞ்சம் கேளுங்க. இந்த நாலு பக்கம் இல்லைன்னா புத்தகமே வேண்டாம்னு சொல்லிட்டாரு பதிப்பாளர். மேடம் லீவு நாளெல்லாம் உக்காந்து எழுதுனதுங்க. அவங்க இங்கிலீசுல எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரையெல்லாம் உலகத்துல எங்கெங்கயோ படிக்கறாங்க. நம்ம புள்ளைங்க படிக்கறதுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இது வெளிய வரவேண்டாங்களா?

மாசாணம்: புஸ்தகத்தை நிறுத்தச் சொல்லுங்க.

ராமாத்தாள்: ஏனுங்க!

மாசாணம்: நிறுத்தட்டும். எழுதுனது அவகிட்ட இருக்குது. ஊருக்குள்ள வேற அச்சாபீசே இல்லியா?

ராமாத்தாள்: நீங்க பாட்டுக்கு நிறுத்துன்னு சொல்லிப்போடுவீங்க. மனசு நோகறது அம்மணிக்கு. இப்படித்தான் அன்னைக்கும்...

மாசாணம்: ராமாத்தா.

ராமாத்தாள்: சொல்லத்தான் போறேன். தம்பி, நெசமா நடந்தது ஒண்ணு சொல்றேன். அவ பன்னெண்டாவது முடிச்சப்ப, நாங்க வேலை செஞ்ச தோட்டத்துக்காரர் சொன்னாரு, 'காலேஜுச் செலவை நான் பாத்துக்கறேன், ஆனா உன்ற புருசன் நாலு பேருக்கு முன்னால வந்து கேக்கோணும்'னு. கேக்கறதுன்னா எப்படின்னு உங்களுக்கே தெரியும். குனிஞ்சு கேக்கோணும். இவரு போகலை. அன்னைக்கே அந்த வேலையையும் உட்டுப்போட்டு வந்துட்டாரு. புள்ள அந்த வருசம் காலேஜுக்குப் போகலை. திருப்பூர்ல பனியன் கம்பெனிக்குப் போனா.

ஆல்வின்: இது... இதை மேடம் எங்கயும் எழுதலையேங்க.

மாசாணம்: எழுதோணும்னா எழுதியிருப்பா. அவளுக்குக் கையில்லியா? சக்கரம் பொதைஞ்சு நின்னதை எழுதியிருக்கறா. மாசக்கணக்கா அரைச்ச மண்ணு தப்பாப் போயி, கொட்டிப்போட்டு மறுக்கா அரைச்சதை எழுதியிருக்கறா. தோத்த எடத்தையெல்லாம் எழுதுனவ இதை எழுதலைன்னா, இது ஊரான் சோலி இல்லைன்னு அர்த்தம்.

ராமாத்தாள்: நீங்க ஒருக்கா குனிஞ்சிருந்தா அவளுக்கு ஒரு வருசம் மிச்சம். அன்னைக்கு அதுக்குத்தான் சண்டை புடிச்சேன்.

மாசாணம்: இன்னைக்கும் புடிப்பா.

ராமாத்தாள்: புடிப்பேன். ஆனா ஒருநா அம்மணி என்னைக் கேட்டா தம்பி. 'நிலாக் கல்லுக்கெல்லாம் வயசு நானூறு கோடி வருசம்மா. ஒரு வருசத்துக்கா இன்னும் அப்பாகூடச் சண்டை போடற'ன்னு.

மாசாணம்: எப்பச் சொன்னா? என்கிட்டச் சொல்லலையே.

ராமாத்தாள்: சொன்னா இன்னும் நிமிந்துக்குவீங்க. இருக்கறது பத்தாதா?

மாசாணம்: ...கடைசிப் பக்கம் பாக்கி இருக்குதே தம்பி. படிங்க.

ஆல்வின்: வேண்டாங்க ஐயா.

மாசாணம்: ஏன்?

ஆல்வின்: அம்மா இப்பச் சொன்னதுக்கப்பறம்... வேண்டாங்க.

மாசாணம்: படிங்கன்னேன்.

ஆல்வின்: 'பள்ளிக்கூட வாசலில், எல்லோரும் பார்க்க... யுவஸ்ரீயின் தந்தை மாசாணம், தாளாளரின் காலில் விழுந்தார்.'

மாசாணம்: யாரு?

ஆல்வின்: ஐயா...

மாசாணம்: யாரு உழுந்தது?

ராமாத்தாள்: அவ படிச்சது கவர்மெண்டுப் பள்ளிக்கூடமுங்க. அங்க ஏதுங்க தாளாளரு?

மாசாணம்: மாசாணியாத்தா சாமி முன்னால உழுந்திருக்கறேன். வேற எவன் முன்னாலயும் இல்லை. இந்த முதுகு நாத்து நடக் குனிஞ்சுது, கரும்பு வெட்டக் குனிஞ்சுது. ஒரு ஆளுக்குன்னு குனிஞ்சதில்லீங்க. அதுக்காக என்ற புள்ள ஒரு வருசம் தையல் மிஷினுக்கு முன்னால உக்காந்தா. அந்த ஒரு வருசத்தை நீங்க ஒரு வரியில அழிச்சுப்போட்டீங்களே தம்பி!

ஆல்வின்: விழறது கேவலம் இல்லீங்க ஐயா!

மாசாணம்: கேவலம்னு யாருங்க சொன்னா? நான் உழுகலைங்கறேன்.

ஆல்வின்: நீங்க பேசறது அப்படித்தாங்க இருக்கு! விழாதவங்களுக்கு மட்டுந்தான் முதுகு இருக்கற மாதிரி. ஒரு ஆளுக்கு வேற வழி இல்லீங்க. புள்ளைக்குச் சீட்டு வேணும், அவரு உழுந்தாரு. அவருக்கு மட்டும் என்ன, ஆசையாங்க?

ராமாத்தாள்: தம்பி... தண்ணி குடிங்க.

ஆல்வின்: மன்னிச்சுக்கோங்கம்மா. ஏதோ சத்தம் போட்டுட்டேன்.

ராமாத்தாள்: அந்தப் பக்கத்தை இங்க குடுங்க. ஏனுங்க, கோவத்தைப் பொறவு வெச்சுக்கலாம். இதுக்கு மேல என்ன இருக்குதுன்னு படிங்க.

மாசாணம்: 'குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து பீடிக்கட்டு நழுவிக் கீழே விழுந்தது. தாளாளர் பார்ப்பதற்குள் குழந்தை அதன் மேல் காலை வைத்து மறைத்தது. அப்பா எழுந்து நிற்கும்வரை அந்தக் காலை எடுக்கவில்லை.' என்ன புள்ள, 'ம்' கொட்டாம இருக்கற?

ராமாத்தாள்: வாய் வரலீங்க. தம்பி, இவரு பீடி தொட்டதே இல்லீங்க. வெத்தலைதான்.

மாசாணம்: கூரை ஓட்டையும் சாராயக் கடையும் யாரு வேணும்னாலும் எழுதிப்போடலாமுங்க. இதை அப்படி எழுத முடியாது. பக்கத்துல நின்னவன்தான் எழுதுவான். உங்களுக்கு எந்தூருங்க?

ஆல்வின்: பல்லடமுங்க.

மாசாணம்: அப்பா?

ஆல்வின்: இருக்கறாருங்க. கோழிப்பண்ணையில காவலுக்கு.

ராமாத்தாள்: இன்னும் பீடி புடிக்கறாருங்களா?

ஆல்வின்: உட்டுட்டாருங்க. அன்னைக்கோட.

மாசாணம்: ம். இந்த நாலு பக்கத்தை என்ன செய்யப் போறீங்க?

ஆல்வின்: எடுத்துப்போடறனுங்க.

ராமாத்தாள்: உங்க மொதலாளி?

ஆல்வின்: பக்கம் கட்டி அச்சுக்கு அனுப்பறது நாந்தானுங்கம்மா. கல்லுலருந்தே தொடங்கி அனுப்பிப்போடறேன். கத்துனாக் கத்தட்டுமுங்க.

மாசாணம்: குனிஞ்சுட்டே சொல்றீங்க. நிமிந்து சொல்லுங்க.

ஆல்வின்: கத்தட்டுமுங்க ஐயா! வேலையை உட்டுப் போன்னாலும் போறேன். கல்லுலருந்துதான் தொடங்கும்.

மாசாணம்: சரி. இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்கக் கூடாது. உங்கப்பா உழுந்ததை ஊரே படிக்கற மாதிரி எழுதியிருக்கறீங்களே, எழுதலாமான்னு அவரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?

ஆல்வின்: கேட்டனுங்க. 'எழுதிக்க சாமி... என்ற பேரு மட்டும் வரக்கூடாது'ன்னாரு. அதனாலதானுங்க உங்க பேரைப் போட்டேன்.